சீட் போஸ்ட் கழன்று வரவில்லையா? தூக்காதீர்கள், முதலில் திருப்புங்கள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏரி மீன்பிடிக்கு விற்கும் அலுமினியப் படகுகளிலும் பாஸ் மீன் பிடிப்பதற்கென்றே செய்த பாஸ் படகுகளிலும் இருக்கைகள் பெரும்பாலும் கழற்றி மாட்டும் வகைதான். தளத்தில் ஒரு பேஸ் திருகப்பட்டிருக்கும், அதற்குள் ஒரு குழாய், அதாவது சீட் போஸ்ட், நிற்கும், அதன் தலையில் இருக்கை சுழலும். வேண்டிய இடத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பழைய படகு ஒன்றை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முன்தளத்தில் ஒரு போஸ்டாவது சிமென்ட் போட்டு நட்டது மாதிரி அசையாமல் நிற்கும். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம்மவர்கள் சிம்கோ ஏரிக்கும் குவின்டே விரிகுடாவுக்கும் போவதற்கென்று பழைய படகு எடுப்பது சகஜம், அதனால் இந்தக் கதையும் சகஜம்.

எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். இரண்டு பேர் இருக்கையின் இரு பக்கமும் நின்று, "மச்சான், இன்னும் கொஞ்சம் தூக்கடா" என்று இடுப்பு ஒடியத் தூக்குவார்கள். போஸ்ட் வராது. சில சமயம் பேஸே வந்துவிடும், நாலைந்து திருகுகளோடும் அவற்றைப் பிடித்திருந்த பிளைவுட் தூளோடும். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது: போஸ்டும் பேஸும் சேர்ந்த பிடிப்பைவிட, பேஸைத் தளத்தோடு பிடித்திருக்கும் திருகுகள் பலவீனமானவை. அதனால் நீங்கள் கொடுக்கும் எந்த விசையும் திருகுகளில் போய் விழாமல், போஸ்டுக்கும் பேஸுக்கும் இடையிலேயே முடிய வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வழிகள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

இதைப் பார்க்காமல் சுத்தியலை எடுக்காதீர்கள். பேஸின் வாயை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் வகை டேப்பர். போஸ்டின் அடிப்பகுதி கீழே போகப் போக லேசாக மெலிந்து, அதே சரிவுள்ள பேஸுக்குள் போய் இறுகும். பூட்டு, பட்டன் எதுவும் கிடையாது, உராய்வு மட்டும்தான். மாட்டிக்கொள்வதில் முதலிடம் இதற்குத்தான். இரண்டாவது மரை வகை, தண்ணீர்க் குழாய் மாதிரி திருகி இறக்குவது. இதை மேலே இழுத்து ஒரு பயனும் இல்லை, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். மூன்றாவது, உள்ளே நைலான் புஷ், அதாவது ஒரு உள்வளையம், வைத்து, பட்டனோ லீவரோ பூட்டாக உள்ள வகை. இதில் பல நேரம் போஸ்ட் இறுகியிருக்காது, பூட்டுதான் மண் அடைத்து உள்ளே போகாமல் நிற்கும், அதைச் சுத்தம் செய்தாலே கதை முடிந்துவிடும். நான்காவது, முக்கால் அங்குல பின் வகை. மெல்லிய பின் ஒன்று புஷ்ஷுக்குள் நிற்கும், மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த புஷ்தான் காரணம்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் வெளிவிட்டம் 2 3/8 அங்குலமா, 2 7/8 அங்குலமா என்று அளந்து வைத்தால், கடைசியில் வெட்ட வேண்டி வந்தால் புதிது வாங்க உதவும். ஆட்வுட், ஸ்பிரிங்ஃபீல்ட், வைஸ் என்று பல கம்பெனிகள் இவற்றை விற்கின்றன. விட்டம் ஒன்றாக இருந்தாலே ஒருவரின் போஸ்ட் மற்றவரின் பேஸில் சரியாக உட்காரும் என்று நினைக்காதீர்கள். முன்பிருந்தவர் அப்படி ஒன்றை இறக்கிவைத்ததால்தான் உங்கள் போஸ்ட் மாட்டியிருக்கிறது என்பதற்கும் வாய்ப்பு உண்டு.

ஏன் மாட்டிக்கொள்கிறது?

டேப்பரின் சரிவு மிகக் குறைவு. அந்தச் சரிவில், அழுத்தி உட்கார்ந்தது தானாக வழுக்கி மேலே வராது. லேத் மெஷினில் டிரில்லைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பரும் இதே தத்துவம்தான். இதன் மேல் 90 கிலோ ஆள் ஒருவர் பட் சீட் என்கிற சாய்ந்து நிற்கும் சிறிய இருக்கையில் பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் நாள் முழுக்க ஆடுகிறார், அலை அடிக்கும்போது படகு குதிக்கிறது, அப்புறம் இருக்கையைக் கழற்றாமலே டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் போஸ்ட் ஒரு மயிரிழை கீழே போகும், திரும்பி மேலே வராது.

அடுத்தது அரிப்பு. போஸ்டும் பேஸும் பெரும்பாலும் அலுமினியம், திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் ஈரம். போஸ்டைச் சுற்றி வெள்ளையாக, மாவு பூத்த மாதிரி ஒரு வளையம் தெரிகிறதா? அது அலுமினியம் அரித்து உண்டான பொடி. தின்னப்பட்ட உலோகத்தைவிட அந்தப் பொடி அதிக இடம் பிடிக்கும், அதனால் இடைவெளிக்குள் ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். உப்புத் தண்ணீரில் ஓடிய படகென்றால் இது பல மடங்கு. மூன்றாவது மணல். நான்காவது நைலான் புஷ். நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள், இது பலருக்குத் தெரியாது. குளிர் நாட்டில் ஐந்தாவதும் ஒன்று உண்டு: பேஸுக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். அப்படி விரிந்து பேஸின் காலர், அதாவது போஸ்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையப் பகுதி, வெடித்திருந்தால் எண்ணெய், சுத்தியல் எதற்கும் வேலை இல்லை, பேஸை மாற்றத்தான் வேண்டும். அதனால் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

முதல் வேலை: சுத்தம், எண்ணெய், பொறுமை

வாக்குவம் வைத்து மணலை உறிஞ்சுங்கள், பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். ஈரம் நிற்கிற இடைவெளிக்குள் எண்ணெய் இறங்காது. அப்புறம்தான் துரு இளக்கும் எண்ணெய். பிபி பிளாஸ்டர், லிக்விட் ரெஞ்ச், க்ரோயில் என்று எது கிடைத்தாலும் சரி. சாதாரண நீல டப்பா டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஊடுருவுவதில் இவற்றுக்குப் பின்தான். போஸ்டைச் சுற்றி விட்டு, பேஸின் காலரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் இன்னொரு தடவை.

அசிட்டோனும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுவது வொர்க்‌ஷாப்களில் பழக்கம், நன்றாக ஊடுருவும் என்பதும் உண்மைதான். ஆனால் படகில் வேண்டாம். கார்பெட்டின் பசையை அசிட்டோன் கரைத்துவிடும், வினைலில் பட்டால் கறை போகாது, போதாததற்கு எளிதில் தீப்பற்றும். எந்த எண்ணெய் விட்டாலும் பேஸைச் சுற்றிப் பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள், கார்பெட்டில் இறங்கிய எண்ணெய் வெயிலுக்கு நாறும்.

திருப்புவது

டேப்பரை இளக்குவதற்கு இழுப்பைவிடத் திருப்பு நல்லது. திருப்பும்போது அரிப்புப் பொடி உடைகிறது, எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கிறது, திருகுகளைப் பிடுங்கும் விசையும் இல்லை.

இருக்கை சுழலாமல் பூட்டும் வசதி இருந்தால், பூட்டிவிட்டு இருக்கையையே கைப்பிடியாக வைத்துத் திருப்பலாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே திசையில் தள்ளுங்கள், ஒருவர் மட்டும் தள்ளினால் போஸ்ட் சாயும், பேஸ் கோணும். பூட்டு இல்லாத இருக்கை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், அப்போது இருக்கையைக் கழற்றிவிட்டுக் குழாயைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஸ்ட்ராப் ரெஞ்ச் சிறந்தது, ரப்பர் பட்டை குழாயைச் சுற்றி இறுகும், கீறல் விழாது. பைப் ரெஞ்ச்தான் இருக்கிறது என்றால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடியுங்கள், பேஸுக்குள் போகிற பகுதியில் மட்டும் பல் படக் கூடாது. மரை வகையாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரே திசை, கடிகாரச் சுற்றுக்கு எதிர். டேப்பராக இருந்தால் இரண்டு பக்கமும், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

ஒரு கட்டத்தில் பல் கூசுகிற மாதிரி "கிரீச்" என்று ஒரு சத்தம் வரும், குழாயில் நீங்கள் போட்ட பென்சில் கோடு பேஸின் கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி நிற்கும் (இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது). அங்கேதான் நிதானம் வேண்டும். சந்தோஷத்தில் ஒரே மூச்சாகச் சுற்றினால் அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசி, மேற்பரப்பு பிய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முன்பைவிட மோசம். நிறுத்துங்கள், எண்ணெய் விடுங்கள், பின்னால் திருப்புங்கள், மறுபடி முன்னால். எண்ணெய் சாம்பல் நிறமாக வெளியே வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

தட்டுவது

கார் மெக்கானிக் ஸ்டியரிங்கின் டை ராட் முனையைக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். போல்ட்டைக் கீழிருந்து அடித்துக்கொண்டிருக்க மாட்டார். அது உட்கார்ந்திருக்கும் கையின் பக்கவாட்டில் ஒரு அடி, டப் என்று விடுபடும். இங்கேயும் அதே யுக்திதான், அடிக்க வேண்டியது போஸ்டை அல்ல, பேஸின் காலரை. ஒரு பக்கம் கனமான சுத்தியல் ஒன்றை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, நேர் எதிர்ப் பக்கத்தில் இன்னொன்றால் அடியுங்கள், நடுவில் கடின மரத்துண்டு வைத்து. சுற்றிச் சுற்றி இடம் மாற்றி அடிக்க வேண்டும். பேஸ் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம், வளையாது, வெடிக்கும், அதனால் ஓங்கி அடிக்கிற வேலை இல்லை, குறுகிய சுறுசுறுப்பான அடிகள் போதும். பேஸ் தளத்தோடு சமமாகப் பதிந்திருந்தால் காலரே வெளியே தெரியாது. அப்போது இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

போஸ்டின் தலையில் மேலிருந்து அடிக்கவே கூடாது. இளக்குகிறேன் என்று அடித்து இன்னும் இறுக்கியவர்கள் நிறைய.

வெந்நீரும் ஐஸும்

சூடாக்கினால் விரியும் என்று எல்லோருக்கும் தெரியும், உடனே கேஸ் டார்ச்சைத் தேடுவார்கள். படகில் தீ ஜுவாலை கூடாது. தளத்துக்குக் கீழே பெட்ரோல் டாங்க் இருக்கலாம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில்தான் தேங்கும். மிதவை நுரை, கார்பெட், பசை, நீங்களே ஊற்றிய எண்ணெய், எல்லாமே எரியக்கூடியவை. அலுமினியம் சூடாகும்போது இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் தராது.

கெட்டில் தண்ணீர் போதும். கணக்கு இதுதான்: 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் காலரை 70 டிகிரி சூடேற்றினால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கூடும். டேப்பர் பிடிப்பை உடைக்க அது தாராளம். ஆனால் போஸ்டும் அலுமினியம்தானே, அதுவும் சேர்ந்து விரிந்தால்? அதற்குத்தான் ஐஸ். குழாயின் மேல்முனை திறந்திருந்தால் உள்ளே பொடித்த ஐஸும் கொஞ்சம் உப்பும் நிரப்பி அரைமணி நேரம் விடுங்கள், அப்புறம் காலரைச் சுற்றித் துணியைக் கட்டி அதன் மேல் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு திருப்புங்கள், தாமதித்தால் சூடு உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் உப்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அது அரிப்புக்குத் தீனி. நைலான் புஷ் வகைக்கு இது பலன் தருவது சந்தேகம், சூட்டில் நைலானும் விரியும். அதற்கு நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டு, உள்ளே ஐஸ் மட்டும் போட்டுப் பாருங்கள்.

இனி தூக்கலாம், ஆனால் பேஸை மிதித்துக்கொண்டு

இதுவரை எதற்கும் மசியாத போஸ்டுக்கு இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் திருகுகளுக்கு ஒரு கிராம் விசைகூடப் போகாது. இரண்டு மரக்கட்டைகளில் அரைவட்டமாக வெட்டி, குழாயின் இரு பக்கமும் வைத்து, இரண்டு நீளமான போல்ட்டால் இறுக்குங்கள். குழாயைக் கவ்விய ஒரு நுகத்தடி கிடைக்கும். உள்ளே பழைய ரப்பர் வைத்தால் வழுக்காது. இது பேஸ் தட்டுக்கு மேல் மூன்று, நான்கு அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். இப்போது நுகத்தடிக்கும் பேஸ் தட்டுக்கும் இடையில், குழாயின் இரு பக்கமும், ஜோடி ஜோடியாக மர ஆப்புகளை எதிரெதிர் முனையாகச் செருகுங்கள். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஆப்பு குழாயை மேலே தள்ளும், அதே அளவு பேஸைக் கீழே அழுத்தும். தளத்துக்கு ஒன்றும் தெரியாது.

ஆப்புக்குப் பதில் இரண்டு சிறிய பாட்டில் ஜாக் வைக்கலாம், ஆனால் அவை நிற்க வேண்டியது பேஸ் தட்டின் மேல்தான், தளத்தின் மேல் அல்ல. தட்டு வழக்கமாக 7 அங்குல அகலம், இடம் போதவில்லை என்றால் ஆப்புதான் சரி. ஒரே ஜாக் வைத்து ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் போஸ்ட் சாய்ந்து இன்னும் கவ்விக்கொள்ளும். இறுக்கம் ஏறியதும் நிறுத்திவிட்டு, காலரைச் சுற்றி முன்பு சொன்ன மாதிரி தட்டுங்கள், வெந்நீரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. விடுபடும்போது துப்பாக்கி மாதிரி சத்தம் வரும், போஸ்ட் துள்ளும். முகத்தை அதற்கு நேர் மேலே வைக்காதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பேஸோடு கழற்றுவது

அதற்கும் வரவில்லையா, திருகுகளைக் கழற்றி மொத்தமாக வெளியே எடுங்கள். சில படகுகளில் கீழே நட்டு இருக்கும், அதை எட்ட ஸ்டோரேஜ் பெட்டி வழியாகக் கையை விட வேண்டி வரும். சுற்றிலும் 3எம் கம்பெனியின் 5200 மாதிரி பிடிவாதமான சீலன்ட் போட்டிருந்தால் மெல்லிய பட்டி பிளேடால் அறுத்துக்கொண்டே போக வேண்டும், நெம்பினால் தளம் பிய்யும். வெளியே வந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து, காலர் மட்டும் மரக்கட்டைகளில் தாங்கும்படி வைத்து, அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் அதன் வழியே மரத்தண்டு விட்டு அடியுங்கள். தளத்தில் வைத்து நாள்கணக்கில் போராடியது மேசைக்கு வந்ததும் சுலபமாக வந்துவிடும். கழற்றியபோதே ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பிளைவுட் ஈரமாக, விரல் நகத்துக்கு நசுங்குகிறது என்றால், உங்கள் உண்மையான பிரச்சினை போஸ்ட் இல்லை.

வெட்டுவது கடைசி. பேஸுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்து, உள்பக்கமாக ஹேக்ஸா பிளேடை விட்டு நெடுக்காக இரண்டு கோடு அறுங்கள், பேஸைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள், அப்புறம் உளியால் உள்நோக்கி மடக்கி எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், சாதாரண டிஸ்க்கில் அலுமினியம் அப்பிக்கொள்ளும், தீப்பொறிக்கும் படகு இடமில்லை. உண்மையைச் சொன்னால், வெட்டும் நிலைக்கு வந்தபின் பேஸையும் சேர்த்துப் புதிதாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மறுபடி மாட்டுவதற்கு முன்

இரண்டு பரப்பையும் ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி நார் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைக் கிளப்பும். ஆழமான கீறல், பள்ளம் இருந்தால் அந்தப் போஸ்டை ஓட்டுநர் இருக்கைக்குப் போடாதீர்கள். ஆட்டம் இருக்கிறதென்று பீர் கேன் தகட்டைச் சுற்றிச் செருகுவார்கள், டேப் சுற்றுவார்கள், இரண்டும் தவறு. முதல் குளிர்காலத்திலேயே அது மாட்டிக்கொள்ளும், அல்லது ஓடும் படகில் விடுபடும்.

கிரீஸ் போடலாமா என்பதில் சண்டை ஓயாது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் மரைக்கும் தாராளமாகக் கடல் கிரீஸ் போடலாம். டேப்பருக்கு நான் சொல்வது, டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசை அல்லது லேனோலின் வகை ஏதாவது ஒன்றை விரல் நுனியில் எடுத்துப் பூசி, பூசியதைத் துணியால் துடைத்துவிடுங்கள், மிஞ்சுகிற படலம் போதும். அப்பினால் மணல் ஒட்டும், போதாததற்கு வழுவழுப்பில் போஸ்ட் இன்னும் ஆழமாக இறங்கி இறுகும்.

மாட்டியபின் ஆட்டிப் பாருங்கள், ஏறி உட்கார்ந்து சுழன்று பாருங்கள். உயரமான போஸ்ட், பட் சீட் போன்றவற்றில் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று ஸ்டிக்கர் இருக்கும். வட அமெரிக்கப் படகுகளுக்கான ஏபிஒய்சி (அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில்) தரங்களில் இருக்கைகளுக்கென்றே எச்-31 என்று ஒன்று உண்டு, அந்த வேகக் கட்டுப்பாடு அதிலிருந்து வருவதுதான். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தாலும் விதி அதேதான், ஏனென்றால் இழுத்தால் கையோடு வர வேண்டிய போஸ்ட், படகு குதித்தாலும் வந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும், டிரெய்லரில் ஏற்றும் முன் கழற்றிப் படுக்க வையுங்கள். பேஸ் வாய்க்கு மூடி கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். அக்டோபரில் படகை மூடும்போது போஸ்ட் வீட்டுக்குள், பேஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, வடிகால் ஓட்டையில் கம்பி விட்டு அடைப்பு இல்லையா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.